விவால்டி ஃபைல்களை ஆர்.வி. எண்ணில் அடுக்கிய விவரம்

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் இசையைச் சேர்த்து வைத்திருக்கிற யாருக்கும் இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். சிடியிலிருந்து எடுத்த ஃபைல், பழைய இசைத்தட்டிலிருந்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றின ஃபைல், நண்பர்கள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த ஃபைல் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். ஒன்றின் பெயர் "பிக்கலோ கான்செர்டோ, பி. 79". இன்னொன்று "ஓபஸ் 44, எண் 11". மூன்றாவது "எஃப். 6/4". நாலாவதில் வெறும் "கான்செர்டோ சி மேஜர்" என்று மட்டும். நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டால் நாலும் ஒரே கான்செர்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு); விவால்டிக்கு இன்று எல்லோரும் பயன்படுத்துகிற ரியோம் பட்டியலின் எண்ணில் சொன்னால் ஆர்.வி. 443. இதற்கு நேர் எதிராக, "பாசூன் கான்செர்டோ, சி மேஜர்" என்று ஒரே பெயரில் இருக்கிற ஃபைல்கள் எல்லாம் வேறு வேறு இசையாக இருக்கும்.

மொத்தத்தையும் ஆர்.வி. எண்ணுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து செய்து முடித்தேன். எப்படிச் செய்தேன், எங்கெங்கே நின்று யோசிக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். விவால்டி வைத்திருக்கிறவர்களுக்கு அப்படியே பயன்படும். ஹைடன், ஸ்கார்லாட்டி வைத்திருக்கிறவர்களும் எண்களை மாற்றிக்கொண்டு இதே வழியில் போகலாம்.

முதலில் இத்தனை எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உறையில் அச்சடித்திருப்பது என்ன எண் என்றே புரியாது. விவால்டி 1741இல் வியன்னாவில் இறந்தார். உயிரோடு இருந்தபோது ஓபஸ் (பதிப்பு எண்) 1 முதல் 12 வரை அச்சில் வந்தன. அந்த எண்கள் மட்டும்தான் அவர் காலத்து எண்கள். அவர் எழுதியதில் பெரும்பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, பிறகு யாருக்கும் தெரியாமலே போயிற்று. 1926இல் வட இத்தாலியில் போர்கோ சான் மார்ட்டினோ என்ற ஊரில் இருந்த சலேசிய பாதிரியார்களின் கல்லூரி, தன்னிடம் இருந்த பழைய இசைப் பிரதிகளுக்கு விலை கேட்டு டூரின் தேசிய நூலகத்தை அணுகியது. இசை வரலாற்றாசிரியர் ஆல்பெர்ட்டோ ஜென்டிலி பிரித்துப் பார்த்தால், உள்ளே விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள் தொகுதி தொகுதியாக. நூலகத்திடம் பணமில்லை. ரொபெர்ட்டோ ஃபோவா என்பவர் தன் பணத்தில் வாங்கி, இறந்துபோன குழந்தை மௌரோவின் நினைவாக நூலகத்துக்குக் கொடுத்தார். பிரதிகளில் இருந்த விடுபாடுகளைப் பார்த்து, இது பாதிதான், மீதி வேறெங்கோ இருக்கிறது என்று ஜென்டிலி கண்டுபிடித்து, ஜெனோவாவில் துராட்சோ குடும்பத்து வாரிசு ஒருவரிடம் அது இருப்பதைத் தேடிப் பிடித்தார். அதை 1930இல் ஃபிலிப்போ ஜோர்தானோ வாங்கிக் கொடுத்தார், அவரும் இறந்துபோன தன் குழந்தை ரென்ட்சோவின் பெயரில். இரண்டும் சேர்ந்து 27 தொகுதி. இன்று நாம் கேட்கிற விவால்டியில் பெரும்பகுதி அந்த இரண்டு குழந்தைகளின் பெயரில் இருக்கிற அலமாரிகளிலிருந்து வந்தது. உறைக் குறிப்புகளில் "ஃபோவா", "ஜோர்தானோ" என்று பார்த்தால் இதுதான் விஷயம்.

திடீரென்று நூற்றுக்கணக்கான படைப்புகள், தேதி கிடையாது, ஓபஸ் எண் கிடையாது. ஆகவே ஆளுக்கொரு எண் போட்டார்கள். மாரியோ ரினால்டி 1940களில், அச்சில் வந்த ஓபஸ்களுக்கு அப்புறம் தானாகவே புது ஓபஸ் எண்களைத் தொடர்ந்து போட்டுவிட்டார். மேலே சொன்ன "ஓபஸ் 44" அந்த வகை. ஓபஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் விவால்டி காலத்துப் பதிப்பு என்று நம்பிவிடக் கூடாது. 12க்கு மேலே போனாலே சந்தேகப்பட வேண்டும். பிரெஞ்சு அறிஞர் மார்க் பென்ஷெர்ல் 1948இல் போட்டது பி. எண். அதே சமயத்தில் ரிக்கோர்டி பதிப்பகம் வாத்திய இசை முழுவதையும் அச்சிட ஆரம்பித்தது. 1947இல் தொடங்கி 1972 வரை 530 தொகுதி. அந்தத் திட்டத்தை நடத்திய விவால்டி நிறுவனத்தை ஆரம்பித்த அந்தோனியோ ஃபன்னா போட்ட எண்தான் எஃப். இது போதாதென்று ரிக்கோர்டி தொகுதி எண்ணையே சிலர் உறையில் போட்டார்கள், "தோமோ 76" என்கிற மாதிரி; தோமோ என்றால் தொகுதி.

கடைசியாக டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ரியோம். 1974இல் லைப்சிக்கில் அவருடைய பட்டியலின் சிறு பதிப்பு வந்தது, முழுப் பதிப்பு 2007இல். ஆர்.வி. என்பது ரியோம் பட்டியல் என்பதன் சுருக்கம். மற்ற எல்லா எண்களையும் இது ஓரங்கட்டிவிட்டது, அதற்குத் தகுதியும் உண்டு. பென்ஷெர்லும் ஃபன்னாவும் வாத்திய இசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரியோம் தேவாலய இசை, கன்டாட்டா, ஓபரா எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தார்.

"வசந்தம்" கான்செர்டோவை எடுத்துக்கொண்டால் எல்லா எண்ணும் ஒரே இடத்தில் தெரியும்: ஓபஸ் 8 எண் 1, பி. 241, எஃப். 1/22, தோமோ 76, ஆர்.வி. 269. இதில் ஃபன்னாவின் எண் பிரித்துப் படிக்க எளிது. முதல் எண் வாத்தியப் பிரிவு, ரோமன் எண்ணில் போடுவார்கள்; 1 என்றால் வயலின், 3 செல்லோ, 5 மாண்டலின், 6 புல்லாங்குழல் வகை, 7 ஓபோ, 8 பாசூன், 11 தனி வாத்தியம் இல்லாத தந்தி இசைக்குழு, 12 கலப்பு. இரண்டாம் எண் அந்தப் பிரிவுக்குள் வரிசை. நான்கு பருவங்களுக்கும் ஃபன்னாவில் 1/22, 23, 24, 25 என்று சேர்ந்தே வரும், தோமோவிலும் 76 முதல் 79 வரை சேர்ந்தே வரும்.

ஆனால் ஆர்.வி.யில் அந்த நாலும் சிதறிப் போகும். வசந்தம் 269, கோடை 315, இலையுதிர் 293, குளிர் 297. எனக்கு ரியோமின் முறை சட்டென்று பிடிபட்டது இந்த இடத்தில்தான். அவர் காலவரிசையில் போடவில்லை, போடவும் முடியாது, பிரதிகளில் தேதியே இல்லை. முதலில் என்ன வகை, எத்தனை தனி வாத்தியம், எந்த வாத்தியம் என்று பார்க்கிறார். அதற்குள் ஸ்கேல் வாரியாக சி மேஜர், சி மைனர், டி மேஜர், டி மைனர் என்று எழுத்து வரிசையில் போகிறார். வசந்தம் ஈ மேஜர், இலையுதிர் எஃப் மேஜர், குளிர் எஃப் மைனர், கோடை ஜி மைனர். ஈ, எஃப், எஃப், ஜி. எண்களும் 269, 293, 297, 315 என்று அதே வரிசையில் ஏறுகின்றன. நம் பின்கோடு மாதிரிதான் இது. எண்ணைப் பார்த்தாலே எந்த வட்டாரம் என்று சொல்லிவிடலாம்.

இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் ஒரு தாளில் வட்டாரங்களை எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். 1இலிருந்து சொனாட்டாக்கள். 87 முதல் 108 வரை சிறு குழுவுக்கான கான்செர்டோக்கள். 109 முதல் 169 வரை தந்தி இசைக்குழு மட்டும். அதற்கப்புறம் 391 வரை தனி வயலின், அதுதான் பெரிய வட்டாரம். 392 முதல் 397 வியோலா தமோரே, 398 முதல் 424 செல்லோ, 425 ஒற்றை மாண்டலின், 426 முதல் 440 ஃப்ளூட், 441 முதல் 445 ரெக்கார்டர் வகை, 446இலிருந்து ஓபோ, 466 முதல் 504 பாசூன். 505இலிருந்து இரண்டு தனி வாத்தியங்கள்: இரண்டு வயலின் 530 வரை, 531 இரண்டு செல்லோ, 532 இரண்டு மாண்டலின், 537 இரண்டு ட்ரம்பெட். 585 வரை கான்செர்டோ. 586இலிருந்து தேவாலய இசை. 695 முதல் 740 வரை ஓபராக்கள், அவை மட்டும் பெயரின் அகரவரிசையில். உறையில் "ஆர்.வி. 484, ஓபோ கான்செர்டோ" என்று இருந்தால், 484 பாசூன் வட்டாரம் ஆயிற்றே என்று உடனே கை நிற்கும். அச்சுப்பிழையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஷீட். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு படைப்புக்கு ஒரு வரி. ஆர்.வி. எண் ஒரு கட்டத்தில், சில எண்களோடு கூட வரும் எழுத்து (431ஏ என்பது போல) தனிக் கட்டத்தில், ஓபஸ், பி., எஃப்., தோமோ, ரினால்டி எண் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில். அப்புறம் தனி வாத்தியம், ஸ்கேல், பட்டப்பெயர், மூவ்மென்ட் (படைப்பின் உட்பகுதி) தலைப்புகள், குறிப்பு. பழைய எண்களை எல்லாம் ஒரே கட்டத்தில் கமா போட்டு எழுதி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தேட முடியாது. பி. 79 என்று கையில் வைத்துக்கொண்டு அது எந்த ஆர்.வி. என்று ஷீட்டில் தேட வேண்டுமானால் பி. எண் தன் கட்டத்தில் தனியாக இருந்தாக வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல், இசை ஸ்கோர்கள் இலவசமாகக் கிடைக்கிற ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இருக்கிறது, அங்கிருந்து எடுத்து, என்னிடம் இருக்கிற படைப்புகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சேர்த்தேன். முழுப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவில்லை. கையிலிருக்கிற இசையை வைத்துச் சரிபார்க்கிற வரிதான் நம்பத்தக்க வரி.

எண்ணை மூன்று இலக்கமாகவே எழுத வேண்டும்: 093, 425, 807. இல்லாவிட்டால் ஃபைல் பெயரில் 1, 10, 100, 101 என்று வரிசை குலைந்துவிடும், அதுவும் கார் ஸ்டீரியோவிலும் பழைய பிளேயர்களிலும் கட்டாயம் குலையும்.

டேக் (ஃபைலுக்குள் எழுதி வைக்கிற தகவல்) போடும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். எம்பி3டேக், பிக்கார்ட் போன்ற மென்பொருள்களில் "கேட்லாக் நம்பர்" என்று ஒரு டேக் தயாராக இருக்கும், ஆர்.வி. எண்ணை அதில் போடலாம் என்று தோன்றும். அது சிடி கம்பெனி தன் வட்டுக்குக் கொடுக்கிற எண்ணுக்கான இடம், உறையின் முதுகில் இருக்குமே அந்த எண். அதில் ஆர்.வி. எண்ணைப் போட்டால், பிக்கார்ட் அடுத்த முறை தன் தகவல் களஞ்சியத்தோடு ஒத்திசைக்கும்போது மேலே எழுதி அழித்துவிடும். நான் "ஆர்வி" என்ற பெயரிலேயே சொந்தமாக ஒரு டேக் உருவாக்கிக்கொண்டேன். ஃபிளாக் (தரம் குறையாத ஒலி வடிவம்) ஃபைலில் ஆங்கில எழுத்தில் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் டேக் வைத்துக்கொள்ளலாம், தடை கிடையாது. படைப்பின் பெயர் "வொர்க்" டேக்கில், மூவ்மென்ட் எண்ணும் தலைப்பும் அதற்குரிய டேக்குகளில். ஆல்பம் பெயரைத் தொடவே இல்லை. வாசித்தவர்கள் எந்த வரிசையில் வைத்தார்களோ அந்த வரிசையும் காப்பாற்றப்பட வேண்டியதுதான்.

சரி, இனி கஷ்டமான பகுதி, பெயரே சரியில்லாத ஃபைல்களை அடையாளம் காண்பது. பென் டிரைவில் வந்தவற்றில் பலவற்றைப் பிக்கார்ட் ஒலிரேகையை வைத்தே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அவை பிரபலமான சிடிகளின் பிரதிகள். இசைத்தட்டிலிருந்து நானே ஏற்றியவற்றுக்கு அது உதவவில்லை. அங்கே உறையும் காதும்தான்.

உறையில் ஸ்கேல் எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இத்தாலிய, பிரெஞ்சு உறைகளில் தோ, ரே, மி என்று வரும். பிரெஞ்சில் சி மேஜரை "உத்" என்றும் போடுவார்கள். ஜெர்மன் உறையில்தான் சிக்கல் பெரிது. ஜெர்மன்காரர்களுக்கு "பி" என்றால் நம் பி ஃப்ளாட். நாம் பி என்று சொல்வதை அவர்கள் "ஹெச்" என்பார்கள். நாலு வயலின்களுக்கான ஓபஸ் 3 எண் 10, ஆர்.வி. 580, நமக்கு பி மைனர், ஜெர்மன் உறையில் "ஹெச்-மோல்". இதை ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் நாலு ஹார்ப்சிகார்டுக்கு மாற்றி எழுதினார், பாக் பட்டியலில் அது பி.டபிள்யூ.வி. 1065, அது ஏ மைனர். பாக் பட்டியலோடு சேர்த்துத் தேடும்போது இந்த ஸ்கேல் மாற்றமும் நினைவில் இருக்க வேண்டும்.

உறையில் ஸ்கேலே இல்லாவிட்டால் கீபோர்டு வைத்துப் பார்க்கலாம். ஆனால் பழங்கால வாத்தியங்களில் வாசிக்கிற குழுக்கள் பெரும்பாலும் ஏ சுருதியை 415 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்வார்கள், இன்றைய 440ஐவிட அரை ஸ்வரம் கீழே. சி மேஜர் கான்செர்டோ நம் கீபோர்டில் பி மேஜராகக் கேட்கும். இசைத்தட்டு சுழலும் வேகம் கொஞ்சம் தள்ளி இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அதனால் ட்யூனர் செயலி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அரை ஸ்வரம் மேலே வைத்தும் ஒருமுறை பட்டியலில் தேடுவேன்.

பிக்கலோ கான்செர்டோக்களை வைத்து இதைக் காட்டுகிறேன், சின்ன வட்டாரம் என்பதால் முழுதாகச் சொல்லலாம். விவால்டி "ஃப்ளௌட்டினோ" என்று குறிப்பிட்ட சிறு குழலுக்கு எழுதியது மூன்று: ஆர்.வி. 443 சி மேஜர், 444 அதுவும் சி மேஜர், 445 ஏ மைனர். இன்று சிலர் பிக்கலோவில் வாசிக்கிறார்கள், சிலர் சோப்ரானினோ ரெக்கார்டரில். என்னிடம் இருந்த ஓர் இசைத்தட்டில் "பிக்கலோ கான்செர்டோ, சி மேஜர்" என்று மட்டும் இருந்தது. ஏ மைனர் கழிந்தது, மீதி இரண்டு. பி. எண்ணும் இல்லை; இருந்தால் 79 என்றால் 443, 78 என்றால் 444 என்று உடனே முடிந்திருக்கும். தட்டின் நடுவிலுள்ள லேபிளில் மூவ்மென்ட் தலைப்புகள் சின்ன எழுத்தில் இருந்தன: அலெக்ரோ நோன் மோல்த்தோ, லார்கோ, அலெக்ரோ மோல்த்தோ. முதல் மூவ்மென்டில் "நோன் மோல்த்தோ" இருப்பது 444. அதோடு விடாமல் ஐ.எம்.எஸ்.எல்.பி.யிலிருந்து ஸ்கோரை இறக்கி, முதல் நாலு பாரையும் (தாளக் கட்டத்தையும்) குழல் நுழைகிற இடத்தையும் வைத்து ஒத்துப் பார்த்தேன். ஒத்துவந்தது. மூவ்மென்ட் தலைப்பு கைகொடுக்கும் என்றாலும் அதுவே தீர்ப்பு ஆகாது, ஏனென்றால் அலெக்ரோ, லார்கோ, அலெக்ரோ என்று இருக்கிற விவால்டி கான்செர்டோ எத்தனையோ. தொடக்க பார்கள்தான் கடைசித் தீர்ப்பு. பென்ஷெர்ல் ஆனாலும் ரியோம் ஆனாலும் எண்ணோடு தொடக்க ஸ்வரங்களையும் பட்டியலில் அச்சிட்டது இதற்காகத்தான்.

பாசூன் வட்டாரம் கூடுதல் பொறுமை கேட்டது. மொத்தம் 39, அதில் 466 முதல் 479 வரை 14 கான்செர்டோ சி மேஜரில். ஒரே மனிதர் ஒரே வாத்தியத்துக்கு ஒரே ஸ்கேலில் 14! வெறும் "சி மேஜர்" என்ற பெயரை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது. 14 ஸ்கோரின் முதல் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்துத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபைலின் முதல் சில நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்ப்பதுதான் வழி. ஸ்கோர் படிக்க நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஸ்வரம் ஏறுகிறதா இறங்குகிறதா, ஒரே ஸ்வரம் தட்டித் தட்டி வருகிறதா, நீண்டு நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிக்கு மேல் கழிந்துவிடும். செய்யச் செய்ய இந்த 14ம் எப்படி ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்று காதில் பதிந்தது. விவால்டி ஒரே கான்செர்டோவைத் திரும்பத் திரும்ப எழுதினார் என்று சொல்பவர்கள் இந்த 14ஐயும் வரிசையாக உட்கார்ந்து கேட்க வேண்டும். ஈ மைனரில் இருப்பது ஒன்றே ஒன்று, 484, அதனால் அதை அடையாளம் காண ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பட்டப்பெயர்களை நம்பி எண் போடவே கூடாது. "லா நோத்தே", அதாவது இரவு, என்ற பெயரில் மூன்று இருக்கின்றன. ஃப்ளூட்டுக்கு ஆர்.வி. 439, அது ஓபஸ் 10இல் அச்சானது. அதே இசையின் சிறு குழு வடிவம் 104. பாசூனுக்கு 501, அது வேறு இசை. "கடல் புயல்" இன்னும் மோசம்: 253, 433, 98, 570. இதில் 433, 98, 570 மூன்றும் உறவுக்காரர்கள், எஃப் மேஜர். வயலினுக்கான 253 ஓபஸ் 8இல் ஐந்தாவது, ஈ ஃப்ளாட் மேஜர், சம்பந்தமே இல்லாத தனிப் புயல். ஃபைல் பெயர் "கடல் புயல்" என்றால் முதலில் கேட்க வேண்டியது வயலினா ஃப்ளூட்டா என்பதைத்தான்.

இந்த உறவுகளை ஷீட்டில் எப்படி வைப்பது என்று நிறைய யோசித்தேன். ஓபஸ் 8 எண் 9ஐப் பாருங்கள். வயலினில் வாசித்தால் ஆர்.வி. 236, ஓபோவில் வாசித்தால் 454. இசை ஒன்று, ஓபஸ் எண் ஒன்று, ஆர்.வி. இரண்டு. அதே தொகுப்பின் பன்னிரண்டாவதும் இப்படித்தான், 178ம் 449ம். பாசூனுக்கு எழுதியதையே ஓபோவுக்குத் திருப்பி எழுதியதும் உண்டு: 471இலிருந்து 450, 500இலிருந்து 463. ரியோம் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் கொடுத்ததை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். வாத்தியம் மாறும்போது விவால்டி ஸ்வரங்களையும் மாற்றுகிறார், அந்த மாற்றம் கேட்க வேண்டிய ஒன்று. ஆனால் "உறவு" என்று ஒரு கட்டம் சேர்த்து, 450க்கு எதிரே 471 என்றும் 471க்கு எதிரே 450 என்றும் இரண்டு பக்கமும் எழுதினேன். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அடுத்த பக்கத்திலிருந்து தேடும்போது அகப்படாது. ஓபஸ் கட்டத்தை வைத்துத் தேடினால் இரண்டு ஆர்.வி. வரும் என்பதையும் ஷீட் தாங்க வேண்டும். அதனால் ஓபஸ் எண் தனித்துவமாக இருக்கும் என்று எந்த ஃபார்முலாவிலும் எதிர்பார்க்கவில்லை. வசந்தத்தின் தொடக்கம் "தொரில்லா இன் தெம்பே" என்ற ஓபராவிலும் வரும், ஆர்.வி. 709. அதைக் குறிப்புக் கட்டத்தில் மட்டும் போட்டேன், ஒரு பகுதிதான் என்பதால்.

விவால்டி எழுதாத விவால்டியும் இருக்கிறது. "இல் பாஸ்தோர் ஃபீதோ", ஓபஸ் 13, ஆறு சொனாட்டா. 1737இல் பாரிஸில் விவால்டி பெயரில் அச்சானது. உண்மையில் நிக்கோலா ஷெத்வீல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர் எழுதி அவர் பெயரில் வெளியிட்டது என்று பின்னால் ஆவணத்தோடு நிரூபணமாயிற்று. ஆனால் அதற்குள் ஆர்.வி. 54 முதல் 59 வரை இடம் பிடித்துவிட்டன, இன்றும் அந்த எண்ணில்தான் எல்லோரும் தேடுகிறார்கள். நான் எண்ணை நீக்கவில்லை. இசையமைப்பாளர் டேக்கில் ஷெத்வீல் பெயரைப் போட்டு, ஆர்வி டேக்கை விட்டுவைத்தேன். எண் என்பது தேடுவதற்கு, யார் எழுதியது என்பது வேறு கேள்வி. நல்ல இசைதான், எழுதியவருக்கே அந்தப் பெருமை போகட்டும்.

சந்தேகத்துக்குரியவற்றை ரியோம் பின்னிணைப்பில் தனி எண் வரிசையில் வைத்தார். "ஆர்.வி. பின். 84" என்றால் அதுவும் வெறும் 84ம் ஒன்றல்ல. எண் கட்டத்தில் 084 என்று மட்டும் போட்டால் இரண்டும் மோதும். அதனால் பின்னிணைப்பு எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து சேர்த்தேன். அந்த 84 எண் உள்ள படைப்பு 1714இல் வெனிஸில் அரங்கேறிய பழைய "ஓர்லாந்தோ ஃபுரியோசோ". இப்போது அது முதன்மைப் பட்டியலுக்கு ஏறி ஆர்.வி. 819 ஆகிவிட்டது. 1727இன் புகழ்பெற்ற ஓர்லாந்தோ 728. ஆக, பழைய ஆர்.வி. எண்ணுக்கும் ஒரு கட்டம் தேவைப்பட்டது.

இந்த 819 இன்னொரு விஷயத்தைக் காட்டுகிறது. ரியோமின் வட்டார ஒழுங்கு 740 வரைதான். அதற்கப்புறம் சேர்ந்தவை வகை பார்க்காமல் கடைசியில் ஒட்டப்பட்டவை, நடுவில் இடமே இல்லை. டிரெஸ்டன் நூலகத்தில் கலுப்பி என்ற இன்னொரு வெனிஸ் இசையமைப்பாளரின் பெயரில் கிடந்த இரண்டு தேவாலயப் படைப்புகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜானிஸ் ஸ்டாக்கிட் விவால்டியுடையவை என்று கண்டுபிடித்தார். நிசி தோமினுஸ் ஆர்.வி. 803, தீக்சித் தோமினுஸ் 807. வகைப்படி பார்த்தால் இரண்டும் 590களின் பக்கம் இருக்க வேண்டியவை. 2010இல் ஸ்காட்லாந்தில் அகப்பட்ட "இல் கிரான் மொகோல்" ஃப்ளூட் கான்செர்டோவுக்கு மட்டும் ஏற்கெனவே இருந்த 431ஓடு உறவு இருந்ததால் 431ஏ என்று நடுவிலேயே இடம் கிடைத்தது. மொகோல் என்றால் நம் முகலாயர்தான். நாடுகளின் பெயரில் அவர் எழுதிய ஒரு தொகுதியில் இந்தியாவுக்காக எழுதியது இது.

இதனால்தான் ஃபோல்டர் வரிசையை ஆர்.வி. எண்ணை மட்டும் வைத்து அமைக்கவில்லை. ஷீட்டில் "வட்டாரம்" என்று நானே இரண்டு எழுத்துக் குறியீடு வைத்தேன், செல்லோவுக்கு ஒன்று, பாசூனுக்கு ஒன்று, பைபிளின் சங்கீதப் பாடல்களுக்கு ஒன்று என்று. ஃபோல்டர் முதலில் வட்டாரம், அதற்குள் ஆர்.வி. எண். 807 இப்போது தன் இனத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ரியோமுக்குப் பிறகு பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஃபெதெரிக்கோ மரியா சார்தெல்லி நாளைக்கு இன்னொன்றைச் சேர்த்தாலும் என் ஃபோல்டருக்குள் அதற்கு இடம் இருக்கிறது.

ஃபைல் பெயர் கடைசியில் இப்படி வந்து நின்றது: வட்டாரம், எண், மூவ்மென்ட் எண், தலைப்பு, வாசித்தவர். பெயரில் ஸ்கேல் இல்லை, பட்டப்பெயர் இல்லை, பழைய எண் இல்லை. அவை எல்லாம் டேக்கிலும் ஷீட்டிலும் இருக்கின்றன. இசைத்தட்டிலிருந்து ஏற்றியவற்றுக்கு உறையையும் நடு லேபிளையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போட்டேன், பி., எஃப். என்று அச்சடித்தது அச்சடித்தபடியே இருக்கட்டும் என்று. பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் நான் எதைப் பார்த்து எந்த எண் போட்டேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

குளோரியா என்ற தேவாலயத் துதிப்பாடலைச் சொல்ல விட்டுவிடக் கூடாது. எல்லோரும் பாடுகிற குளோரியா ஆர்.வி. 589. பக்கத்திலேயே 588 இருக்கிறது, அதுவும் குளோரியா, அதுவும் டி மேஜர். தேவாலய இசை என்பதால் பி. எண்ணோ எஃப். எண்ணோ இரண்டுக்கும் கிடையாது, பழைய உறைகளில் "குளோரியா, டி மேஜர்" என்பதோடு நின்றுவிடும். 588இன் முன்னால் ஒரு அறிமுகப் பாடல் சேர்த்துப் பாடுவார்கள். அந்த அறிமுகத்துக்குத் தனி எண் உண்டு என்றாலும் இரண்டும் இடையில் பின்னிக்கொண்டு வருவதால் ட்ராக்கைப் பிரிக்காமல் இரண்டு எண்ணையும் ஒரே ஃபைலில் போட்டேன். ஃபிளாக்கில் ஒரே டேக்கை இரண்டு தடவை வைக்கலாம், தேடும்போது இரண்டு எண்ணிலும் அகப்படும்.

இப்போது மிச்சம் இருப்பது ஓபரா தனிப்பாடல் சிடிகள். ஒரு சிடியில் பத்துப் பன்னிரண்டு ஓபராக்களிலிருந்து ஆளுக்கொரு பாட்டு. ஓபராவின் எண்ணைப் போட்டு, பக்கத்தில் அங்கமும் காட்சியும் எழுதிக்கொண்டு வருகிறேன். பாட்டின் முதல் வரியையும் அப்படியே வைக்கிறேன், ஏனென்றால் ஒரு ஓபராவின் பாட்டை விவால்டி தாராளமாக இன்னொன்றுக்குத் தூக்கிப் போவார், அப்போது அந்த முதல் வரிதான் இரண்டையும் சேர்க்கும் பிடி. "பயாசெத்", 703, அதில் மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களையும் அவர் எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த சிடியைத்தான் அடுத்து எடுக்கப் போகிறேன், இசையமைப்பாளர் டேக்கை ட்ராக் ட்ராக்காகப் போட வேண்டிய வேலை அது.